விமானி வெஸ்ட்: எதைப் பார்த்து எந்தக் காலம் என்று சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

பழம்பொருள் சேகரிப்போர் பகுதிக்கு நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில், விமானிகளின் சர்வைவல் வெஸ்ட் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். விமானம் விழுந்த பிறகு மீட்பு ஆட்கள் வந்து சேரும்வரை உயிரோடிருக்கத் தேவையான ரேடியோ, கத்தி, சமிக்ஞைக் கண்ணாடி, முதலுதவி மருந்து எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளில் சுமக்கும் கையில்லாச் சட்டைதான் இந்த வெஸ்ட்.

கே: அண்ணாச்சி, இணைய ஏலத்தில் பச்சை வலைத்துணி வெஸ்ட் ஒன்று எடுத்தேன். வியட்நாம் போரில் விமானி போட்டிருந்தது என்று விற்றவர் சத்தியம் பண்ணுகிறார். லேபிள் பாதி அழிந்து கிடக்கிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

ப: வலைத்துணியில் உடல், முன்னால் ஜிப், மார்பிலும் வயிற்றிலும் வரிசையாகத் தைத்த பைகள் என்றால் அது பெரும்பாலும் எஸ்ஆர்யு-21/பி என்ற மாதிரி. அமெரிக்க விமானப்படையும் தரைப்படையின் ஹெலிகாப்டர் ஆட்களும் வியட்நாமில் அணிந்தது இதைத்தான். ஆனால் போர் முடிந்த பிறகும் இதே மாதிரி பல ஆண்டுகள் தைக்கப்பட்டது. ஆகவே மாதிரியின் பெயரை வைத்து வியட்நாம் என்று சொல்ல முடியாது. லேபிளில் உள்ள இரண்டு எண்களைப் படித்தால் சொல்லிவிடலாம்.

முதலாவது ஒப்பந்த எண். அது டிஎஸ்ஏ என்று தொடங்குகிறதா, டிஎல்ஏ என்று தொடங்குகிறதா பாருங்கள். அமெரிக்கப் படைகளுக்குப் பொருள் வாங்கித் தந்த டிஎஸ்ஏ என்ற நிறுவனத்துக்கு 1977 ஜனவரியில் டிஎல்ஏ என்று பெயர் மாறியது. வியட்நாம் போர் 1975 ஏப்ரலில் முடிந்தது. டிஎல்ஏ என்று அச்சிட்ட வெஸ்ட் வியட்நாமைப் பார்த்திருக்க வழியே இல்லை. விற்றவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி.

டிஎஸ்ஏ என்று இருந்தால் அடுத்து வரும் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். ‘டிஎஸ்ஏ 100-69-சி’ என்று தொடங்கினால் அது 1969-ஆம் நிதியாண்டு. அந்த நாளில் அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூலை முதல் ஜூன் வரை. அதாவது 1968 ஜூலைக்கும் 1969 ஜூனுக்கும் இடையில் போட்ட ஒப்பந்தம். (1976-இல்தான் நிதியாண்டின் தொடக்கம் அக்டோபருக்கு மாறியது.) ஒப்பந்தம் போட்ட நாள் வேறு, தைத்து அனுப்பிய நாள் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 73 என்று போட்ட வெஸ்ட் போர்முனையை எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. அமெரிக்கப் படைகள் 1973 மார்ச்சிலேயே வியட்நாமை விட்டுப் புறப்பட்டுவிட்டன.

இரண்டாவது சரக்கு எண். 1974 செப்டம்பர் கடைசி வரை இது 11 இலக்கம்: நான்கு, மூன்று, நான்கு என்று பிரித்து அச்சிட்டிருக்கும். அதன் பிறகு 13 இலக்கம்: நான்கு, இரண்டு, மூன்று, நான்கு. நடுவே புதிதாக நுழைந்த அந்த இரண்டு இலக்கம் நாட்டுக் குறியீடு. பழைய அமெரிக்கப் பொருள்களுக்கு 00 என்றும், பின்னாளில் புதிதாகப் பதிவானவற்றுக்கு 01 என்றும் வரும். ஒப்பந்த எண் அழிந்துபோய் சரக்கு எண் மட்டும் மிஞ்சியிருந்தாலும், இலக்கங்களை எண்ணியே 1974-க்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடலாம். இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், உதாரணமாக 68-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தோடு 13 இலக்க எண் நின்றால், லேபிள் பிற்காலத்தில் அச்சடித்து ஒட்டியது என்று சந்தேகப்படுங்கள்.

அழிந்த லேபிளைப் படிக்க அதை நனைக்காதீர்கள். ஸ்பிரிட், டெட்டால், சோப்பு எதுவும் வேண்டாம்; மிச்ச மையும் கரைந்து போகும். இருட்டறையில் வெஸ்டை விரித்து, டார்ச்சைத் துணியை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து அமுங்கிய தடம் நிழலாகத் தெரியும். நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி விட்டு நான்கு படம் எடுத்து, செல்போனிலேயே கான்ட்ராஸ்டை ஏற்றி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதற்கும் தெரியாவிட்டால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடிக்கலாம். சில சமயம் துணி மங்கலாக ஒளிர, மை இருந்த இடம் கறுத்துத் தெரியும்.

கே: என்னிடம் இரண்டு பச்சை வெஸ்ட் இருக்கின்றன. ஒன்று வலை, மற்றது முழுத்துணி. முழுத்துணி வெஸ்டில் தொடைக்கு வரும் பட்டைகளும் உண்டு. இரண்டும் ஒரே மாதிரியின் இரு வகைகளா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ப: இல்லை. முழுத்துணியும் கால் பட்டையும் உள்ளது அமெரிக்கக் கடற்படையின் எஸ்வி-2 வரிசை. மேலே சொன்ன எஸ்ஆர்யு-21/பியோடு அதற்கு உறவில்லை.

கடற்படை விமானி விழுவது பெரும்பாலும் தண்ணீரில். அதனால் எஸ்வி-2 வரிசையில் நைலான் துணி உடலோடு சேர்த்தே ஒரு பட்டைச் சட்டகம் உண்டு, தொடைப் பட்டை உண்டு, மேல்முதுகில் துணிக்குப் பதிலாக எலாஸ்டிக் பட்டைகள் உண்டு. காற்றூதும் மிதவையை இதன்மேல் பொருத்திக்கொள்ள இடமும் விட்டிருப்பார்கள். எலாஸ்டிக் முதுகைக் கண்டாலே கடற்படை என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

வரிசைக்குள் எஸ்வி-2, எஸ்வி-2ஏ, எஸ்வி-2பி என்று மூன்று. கடைசி எழுத்து திருத்தத்தின் வரிசை. சந்தையில் அதிகம் கிடைப்பது பி. லேபிளில் ஒப்பந்த எண் ‘என் 00383’ என்று தொடங்கினால் அது பிலடெல்பியாவில் இருந்த கடற்படை விமானப் பொருள் கொள்முதல் அலுவலகம். கடற்படைக்காரர்கள் வெஸ்டின்மேல் பேரையும் பிரிவையும் மையால் எழுதும் பழக்கம் உள்ளவர்கள். அந்த எழுத்தை அழுக்கு என்று நினைத்துத் துவைத்துவிடாதீர்கள். ஒரு நல்ல எஸ்வி-2பியின் பாதி மதிப்பு அதில்தான்.

எலாஸ்டிக் தொய்ந்து நூல்நூலாக வந்திருந்தால் அப்படியே விடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் இழை காலப்போக்கில் செத்துப்போவது இயல்பு. இழுத்துப் பார்த்தால் பொடியாக உதிரும். புது எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் பொருள் கெட்டது.

கே: எனது வெஸ்டின் இடப்பக்கம் ஒரு பை மட்டும் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது. மற்றவற்றில் தையல் நெருக்கமாகவும் இதில் அகலமாகவும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

ப: அவசரப்பட வேண்டாம். இந்தத் துறையில் மிகவும் சுவையான இடம் இதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கடைசிவரை இருந்த வெஸ்ட் குறைவு. ஒவ்வொரு தளத்திலும் பாராசூட் மடிக்கும் பிரிவில் கனத்த தையல் மிஷின் இருந்தது. ரேடியோ மாதிரி மாறினால் பழைய பையைப் பிரித்துவிட்டுப் புதுசு தைப்பார்கள். கைத்துப்பாக்கி உறையை இடம் மாற்றுவார்கள். கத்தியை எளிதாக உருவ உறையை வெஸ்டோடு சேர்த்துத் தைப்பார்கள். இவை படையிலேயே நடந்த மாற்றங்கள்; அசலின் ஒரு பகுதி.

பிரச்சினை, போன வருஷம் வியாபாரி ஒருவர் தைத்ததும் இப்படித்தான் தெரியும் என்பது. இரண்டையும் பிரிக்க நான்கு சோதனை.

பையின் ஓரத்தை மெல்லத் தூக்கி, அடியில் மறைந்திருக்கும் துணியின் நிறத்தைப் பாருங்கள். பை பல ஆண்டு அங்கே இருந்திருந்தால் அடித்துணி வெயில் படாமல் கறுத்த பச்சையாக இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். அடியும் சுற்றும் ஒரே அளவுக்கு வெளுத்திருந்தால், வெளுத்த பிறகுதான் பை வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையே முக்கால்வாசி வழக்கைத் தீர்த்துவிடும்.

அடுத்து நூல். பழைய தையலில் அழுக்கு நூலின் முறுக்குக்குள்ளேயே போயிருக்கும். புதுத் தையலில் மேலே மட்டும் படிந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கிய நூல் ஒரே சீரான பழுப்பாக இருக்கும். உண்மையான அழுக்கு ஒருபோதும் சீராக இராது.

மூன்றாவது வெற்று ஊசித்துளைகள். இப்போதுள்ள பைக்குப் பக்கத்தில் வரிசையாகத் துளை மட்டும் இருந்தால் அங்கே முன்பு வேறொரு பை இருந்தது. அந்தத் துளைவரிசை காட்டும் நீள அகலத்தை அளந்து, மற்ற பைகளோடு ஒப்பிட்டு, எந்தப் பை எங்கிருந்து எங்கே போனது என்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி செய்த வேலையில் இந்தப் பழைய துளைகள் பெரும்பாலும் இருக்காது. அவர் காலி இடம் பார்த்துத்தான் தைப்பார்.

கடைசியாகப் புற ஊதா ஒளி. இக்காலத்து வெள்ளை, வெளிர் நூல்களில் வெண்மையூட்டும் ரசாயனம் இருப்பதால் நீலமாகப் பளிச்சிடும். ஒரு பை மட்டும் பளிச்சிட்டால் புது நூல். வெஸ்ட் முழுவதுமே பளிச்சிட்டால் யாரோ சலவைத்தூளில் துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. சலவைத்தூளிலும் அதே ரசாயனம் உண்டு. அப்போது இந்தச் சோதனை பயன்படாது.

நீங்கள் எழுதிய விவரத்தில், அகலத் தையல் என்பது நல்ல அறிகுறி என்றே தோன்றுகிறது. பாராசூட் பிரிவின் கன மிஷினில் தையல் நீளமாகத்தான் விழும். நிறத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: இரண்டாம் உலகப்போர் கால சி-1 வெஸ்ட் என்று சொல்லி ஒருவர் காட்டுகிறார். பைகளின் மூடிகளில் வெல்க்ரோ இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

ப: வேண்டாம். வெல்க்ரோ சுவிட்சர்லாந்தில் 1955-இல்தான் காப்புரிமை பெற்றது. அமெரிக்கப் படை உடுப்புகளில் அது பரவியது 1960-களில்.

அசல் சி-1 என்பது அமெரிக்க இராணுவ விமானப்படை போரின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. ஆலிவ் நிறப் பருத்தித் துணி, உடல் நெடுகப் பைகள், உள்ளே கைத்துப்பாக்கிக்கு உறை. தூண்டில் சாமான், தீக்குச்சி, கையுறை, சாணைக்கல், தண்ணீர்ப் பை என்று ஒரு பெட்டிக்கடையே அதில் அடங்கும். கொரியப் போரிலும் இதே வெஸ்ட் புழங்கியது. அதனால் அசல் சி-1 என்றாலே 1945-க்கு முந்தையது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

முத்திரையில் ‘ஏர் ஃபோர்ஸஸ், யு.எஸ். ஆர்மி’ என்ற சொற்கள் இருந்தால் விமானப்படை தரைப்படையின் கீழ் இருந்த காலம். 1947 செப்டம்பர் 18-இல் அது தனிப் படையானது. ‘யு.எஸ். ஏர் ஃபோர்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அதற்குப் பின். போர்க்கால ஒப்பந்த எண்களில் ‘டபிள்யு 33-038’ என்ற தொடக்கத்தைக் காணலாம். அது ஓஹையோவில் உள்ள ரைட் ஃபீல்டு கொள்முதல் பிரிவு.

துணியிலும் ஒரு சோதனை செய்யலாம். தானாகவே அவிழ்ந்து தொங்கும் நூலில் அரை அங்குலம் மட்டும் கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். நைலான் உருகிக் கெட்டியான மணியாகும். தீயைத் தாங்கும் நோமெக்ஸ் என்ற செயற்கை இழை உருகாது, கருகி நிற்கும், தீயை எடுத்தால் அணைந்துவிடும். நோமெக்ஸ் விமானி உடுப்புகளில் வந்ததும் வியட்நாம் காலத்தில்தான். சி-1 என்று சொன்னது உருகினால் பேச்சு முடிந்தது.

ஜிப்பிலும் பெயர் படியுங்கள். டாலன், கான்மார், கிரௌன், ஸ்கோவில் என்பன அந்தக் கால அமெரிக்க ஜிப்புகள். ஒய்கேகே அமெரிக்காவில் கடை திறந்ததே 1960-இல். ஆனால் ஜிப் மட்டும் படையிலேயே மாற்றப்பட்டிருக்கலாம். ஜிப்பை ஒட்டிய தையலில் பழைய துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் போலி என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

கே: பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் கேமஃப்ளாஜ் வெஸ்ட், வியட்நாம் காலத்ததா?
– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

ப: நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளது வுட்லேண்ட் என்ற அச்சு. அமெரிக்கப் படையில் பொது உடுப்புக்கு அது வந்தது 1981-இல். வியட்நாம் ஆகாது.

கே: தாத்தா காலத்து இரும்புப் பெட்டியில் மஞ்சள் நிறத்தில் ரப்பர் வாடையடிக்கும் ஒரு வெஸ்ட் கிடைத்தது. கிரீடமும் இரண்டு ஆங்கில எழுத்தும் மங்கலாகத் தெரிகின்றன. கயத்தாற்று ஓடுதளத்தில் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்கியபோது கிடைத்தது என்று வீட்டில் பேச்சு. ஒரு பக்கம் சின்ன சிலிண்டரும் இருக்கிறது. ஊதிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், கயத்தாறு

ப: முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: ஊதாதீர்கள். எண்பது ஆண்டு கடந்த ரப்பர் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். காற்று போனதும் ஒட்டின இடமெல்லாம் கிழியும். சிலிண்டரின் நெம்புகோலையும் தொடக் கூடாது. உள்ளே கரியமில வாயு இன்னும் அழுத்தத்தில் இருக்கலாம்.

அது இருக்கிறதா என்று அறிய வழி உண்டு. இத்தகைய சிலிண்டரின் மேல் எடை பொறித்திருப்பார்கள். சிலிண்டர் தானாகக் கழன்று வந்தால் மட்டும், நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் வைத்து ஒப்பிடுங்கள். கழற்ற இறுகினால் விட்டுவிடுங்கள். ஸ்பேனர், சுத்தியல் எதுவும் வேண்டாம். தீயணைப்புக் கருவிகளுக்கு வாயு நிரப்பும் கடையில் காட்டினால் பாதுகாப்பாக இறக்கித் தருவார்கள்.

இனி அடையாளம். கிரீடமும் ‘ஏஎம்’ என்ற எழுத்தும் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. அந்த அமைச்சகம் 1964 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகத்தோடு கலந்துவிட்டது. ஆகவே பொருள் அதற்கு முந்தையது. பிரிட்டிஷ் விமானப்படையின் மிதவை வெஸ்டுகளில் அதிகம் பேசப்படுவது 1932 மாதிரியும் 1941 மாதிரியும். 1932 மாதிரியை வாயால் ஊத வேண்டும். நிறமும் மங்கலாக இருந்ததால் 1940-இல் விமானிகள் பலர் தாங்களே மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டார்கள். 1941 மாதிரியோ மஞ்சள் துணியிலேயே தைத்தது. வாயு சிலிண்டரும் நெம்புகோலும் அதில் சேர்ந்தன. உங்களிடம் சிலிண்டர் இருப்பதாலும், மஞ்சள் துணியிலேயே ஊறியிருப்பதாகத் தோன்றுவதாலும், 1941 மாதிரி என்றே கொள்ளலாம். பெயின்ட் அடித்த மஞ்சள் என்றால் மடிப்பில் பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

இன்னும் ஒன்று தேடுங்கள்: அம்புக்குறி. அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டன். ‘சி’ எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே அம்பு ஆஸ்திரேலியா. அம்போடு ‘ஐ’ எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியாவிலேயே போர்க்காலத்தில் செய்தது. நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் தேட வேண்டியது அதைத்தான். ‘22சி’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது விமானப்படைக் கிடங்கின் பறப்போர் உடுப்புப் பிரிவு.

கயத்தாறு கதையைப் பொறுத்தவரை, வெஸ்ட் எங்கே புழங்கியது என்பதை வெஸ்டே சொல்லாது. வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதியிட்டு எழுதி வெஸ்டோடு வையுங்கள். எழுதி வைக்காத வரலாறு அடுத்த தலைமுறையில் வியாபாரியின் கதையாகிவிடும்.

கே: தூத்துக்குடி பழைய கப்பல் சாமான் கடையில் ஆரஞ்சு வெஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது. விமானி வெஸ்ட் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், திசையன்விளை

ப: அழுத்திப் பாருங்கள். உள்ளே தெர்மோகோல் மாதிரி கெட்டி நுரை இருந்தால் கப்பல் லைஃப் ஜாக்கெட். ‘சோலாஸ்’ என்ற கப்பல் பாதுகாப்பு விதிமுறையின் பெயரும் ஒளிதிருப்பும் பட்டையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். விமானியின் மிதவை தட்டையாக மடிந்து கிடந்து, வெளியே வந்த பிறகே ஊதும்; முன்பே உப்பியிருந்தால், மூழ்கும் விமானத்துக்குள் அது ஆளை மேல்தட்டோடு தூக்கி அழுத்தி, வெளியே வர விடாது.

ரஷ்ய எழுத்து இருந்தால் மட்டும் எங்களுக்குப் படம் அனுப்புங்கள். தரச் சோதனைப் பிரிவின் ‘ஓடிகே’ முத்திரையும் ஆண்டும் பெரும்பாலும் மையில் குத்தியிருக்கும்.

கே: வாங்கிய வெஸ்டின் பைகளில் ரேடியோ, விளக்கு, குழாய் மாதிரி ஏதோ ஒன்று, காம்பஸ், கத்தி எல்லாம் இருக்கின்றன. இவை வெஸ்டோடு வந்தவையா? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.
– வாசகி, மேலப்பாளையம்

ப: பிள்ளைகள் இருப்பதால் ஆபத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்தக் குழாயின் மேல் 1370 என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள், தொடாமல். சரக்கு எண்ணின் முதல் நான்கு இலக்கம் பொருளின் இனம். 1370 என்றால் வெடிமருந்துச் சமிக்ஞை. இரு முனையிலும் மூடியும் வளையமும் கொண்ட எம்கே-13 ஆக இருக்கலாம். ஒரு முனை பகலுக்கு ஆரஞ்சுப் புகை, மறுமுனை இரவுக்குச் சிவப்புச் சுடர். இருட்டில் தடவியே அறிய இரவு முனையில் மேடான விளிம்பு வைத்திருப்பார்கள். வளையத்தை இழுத்தால் பற்றும். பழசாக ஆக மருந்து வலுவிழக்கும் என்று நினைப்பது தவறு. எப்போது எப்படிப் பற்றும் என்று சொல்ல முடியாத நிலைக்குப் போகும். எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு 100-க்குப் போன் செய்து இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். பேனா போன்ற சிறு குழலும் அதில் திருகும் தோட்டாக்களும் இருந்தால் அவற்றுக்கும் இதே விதி.

விளக்கு, எஸ்டியு-5/இ என்ற மின்னும் விளக்காக இருந்தால் அதன் பேட்டரி பிஏ-1574/யு, பாதரசம் கொண்டது. கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டு எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வைத்து, மின்கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள். குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது.

காம்பஸ் இரண்டாம் உலகப்போர் காலத்தது, முள்ளில் பழுப்பேறிய பூச்சு இருக்கிறது என்றால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு குறையவில்லை. செத்தது ஒளிரும் பூச்சுதான். கண்ணாடியைத் திறக்காமல், ஜிப் கவரில் போட்டு, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

ரேடியோ பிஆர்சி-90 என்றால் 243.0, 282.8 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசை கொண்டது. 243.0 இராணுவ விமானங்களின் ஆபத்து அலைவரிசை. செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை 2009 பிப்ரவரியில் நிறுத்திவிட்டன; விமானங்கள் இன்றும் கேட்கின்றன. விளையாட்டாகக் கூட முடுக்க வேண்டாம், பேட்டரியும் போட வேண்டாம். ஒலிபரப்பும் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் சட்டச் சிக்கல்.

இவையெல்லாம் வெஸ்டோடு வந்தவையா என்றால், பெரும்பாலும் இல்லை. பைகள் காலியாகத்தான் கிடங்கிலிருந்து விற்கப்படும்; நிரப்புவது பிறகு வந்த கைகள். ஒவ்வொரு பொருளின் ஆண்டையும் லேபிளின் ஆண்டோடு ஒப்பிடுங்கள். கத்தியில் கைப்பிடியின் பின்முனை இரும்பைத் துடைத்துப் பார்த்தால் கமிலஸ் என்ற பெயரும் மாதமும் ஆண்டும் தெரியலாம். வெஸ்ட் 69, கத்தி 1967 என்றால் பொருந்தும். வெஸ்ட் 69, கத்தி 1984 என்றால் பின்னால் சேர்த்தது. விமானிக் கத்தியில் 6 அங்குல அலகு பழைய வகை, 5 அங்குலம் 1960-களின் தொடக்கத்திலிருந்து வந்த வகை. ஒரு பையில் பொருள் பல காலம் இருந்திருந்தால் அதன் உருவம் துணியில் தேய்மானமாகப் பதிந்திருக்கும். ரேடியோப் பையின் அடி மூலை நான்கும் புதுசு போல இருந்தால் அதற்குள் ரேடியோ சுமக்கப்பட்டதே இல்லை.

கே: வெஸ்டைத் துவைக்கலாமா? பித்தளை பட்டனில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறாள் அம்மா.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

ப: குத்துவிளக்குக்குப் புளி சரி. இங்கே வேண்டாம். படைப் பொருள்களின் பட்டன் பளபளக்கக் கூடாது என்று கறுப்போ பச்சையோ பூசியிருப்பார்கள். புளியின் அமிலம் முதலில் அந்தப் பூச்சைத் தின்னும், பிறகு பட்டனைச் சுற்றித் துணியில் நிரந்தரக் கறை விடும். பட்டனுக்கு அடியில் பிளாஸ்டிக் தாளைச் செருகி, மூங்கில் குச்சி முனையால் களிம்பை உலர்வாகச் சுரண்டுங்கள். உதிர்ந்த பொடியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அலுமினிய ஜிப்பில் வெள்ளைப் பூ இருந்தால் பழைய பல் பிரஷ். ஓடவில்லை என்றால் வெள்ளை மெழுகுவத்தியைப் பற்களில் லேசாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை இழுக்கும், துணியில் ஊறும்.

துவைப்பது கடைசி வழி. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை லேபிளின் ஓரத்திலும் கையெழுத்து மையிலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் துவைக்கக் கூடாது. ரப்பர் உள்ள எதையும் துவைக்கக் கூடாது. மற்றபடி 10 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி மென்மையான திரவச் சோப்பு, அதுவும் வெண்மையூட்டி இல்லாதது; அரை மணி நேரம் ஊறவிட்டு, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். இராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு காய்ந்து பித்தளையில் மறுபடி களிம்பு வரும். முறுக்கிப் பிழியாமல், டவல் விரித்து அதன்மேல் படுக்க வைத்து நிழலில் உலர்த்துங்கள். பத்தமடைப் பாயின்மேல் நேரே போட்டால் பாயின் சாயம் ஏறலாம். நம்மூர் வெயில் நைலானுக்கு எமன். வலைத்துணியை ஒரு கோடை முழுக்கக் கொடியில் தொங்கவிட்டால் விரலால் கிழிக்கலாம்.

வைப்பதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, மடிப்புகளில் உருட்டிய வெள்ளைக் காகிதம், 40 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒரு முறை ஜெல்லைச் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். அம்பை, தென்காசிப் பக்கம் என்றால் ஆனி, ஆடிச் சாரலுக்கும் சேர்த்து. வேப்பிலையைத் துணியில் படப் போடாதீர்கள், கறை. நாப்தலின் உருண்டையும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள்பட்டைத் துணி நைந்துபோகும்.

கே: பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் என்னென்ன படம் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகர், நெல்லை டவுன்

ப: முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் மூன்றும் பகல் வெளிச்சத்தில். லேபிள் நேராக ஒன்று, பக்க ஒளியில் ஒன்று. ஜிப் இழுப்பியில் உள்ள பெயர். ஒரு பிரஸ் பட்டனைத் திறந்து உள்முகம். ஏதாவது ஒரு பையின் மூடியைத் தூக்கி, அதனடியிலும் வெளியிலும் உள்ள துணி நிறம் ஒரே படத்தில் வரும்படி ஒன்று. தையல் மாறித் தெரியும் இடம் இருந்தால் அதன் உள்பக்கம். வெளியே எவ்வளவு பழசாகக் காட்டினாலும் உள்ளே நூல் முடிச்சு புதுசாக இருக்கும்.

படம் அனுப்பத் தயங்குபவர் கதையை மட்டும் நீளமாக அனுப்புவார். லேபிளுக்குக் கொடுக்கும் விலையைக் கதைக்குக் கொடுக்காதீர்கள். வெடிமருந்துச் சமிக்ஞையோ ரேடியோவோ சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி, வெஸ்டுக்கு மட்டும் விலை கேளுங்கள். பார்சலில் அவை வந்தால் சிக்கல் அனுப்பியவருக்கு மட்டும் இல்லை, வாங்கிய உங்களுக்கும்தான்.